சுருள்வில் காற்றுத் துப்பாக்கியைப் பழக்குதல்

தமிழில் பழகுதல் என்றொரு சொல்லும் பழக்குதல் என்றொரு சொல்லும் உண்டு. மனிதர் ஒருவரோடு ஒருவர் பழகுகின்றனர். உழவர் இளங்காளையை ஏருக்குப் பழக்குகின்றனர். கடையிலிருந்து வந்த இரும்புத் தோசைக்கல்லை வடித்த கஞ்சியில் ஊறவைத்து, எண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டித் தேய்த்துப் பல நாள் பழக்கிய பிறகே அதில் முதல் தோசை ஒட்டாமல் எழுகிறது. புதிதாக வாங்கிய காற்றுத் துப்பாக்கி ஒன்றில் இந்த இரண்டு வினைகளும் ஒரே வேளையில் நிகழ்கின்றன. உள்ளேயிருக்கும் எஃகும் தோலும் மசகும் தம்முள் ஒத்துப்போகும்படி துப்பாக்கி பழக்கப்படுகிறது. சுடுபவரின் கன்னமும் தோளும் விரலும் அதன் அசைவை அறிந்துகொள்ளும்படி அவரும் பழகுகிறார். இரண்டில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று பிரித்தறிய இயலாததால்தான், புதுத் துப்பாக்கி வாங்கியவர் முதல் வாரத்தில் தம் கையையோ கருவியையோ குறைகூறிச் சலித்துப்போகிறார். அந்தச் சலிப்பின் காரணத்தை இயந்திரத்தின் உள்ளிருந்தே விளக்குவது இவ்வுரையின் நோக்கம். இக்கருவியை நம் பக்கத்தார் முதலில் எங்கே கண்டனர் என்பதிலிருந்து தொடங்கலாம்.

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய வரதய்யபாளையம், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப் பகுதியைச் சேர்ந்தது. சென்னைக்காரர் தடா அருவி என்றழைக்கும் உப்பலமடுகு அருவி இந்த மண்டலத்தின் காட்டுக்குள் விழுகிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி விரிகிறது. இப்பகுதியினருக்கும் எல்லைக்கு இப்பால் உள்ள தமிழருக்கும் காற்றுத் துப்பாக்கி அறிமுகமான இடம் பெரும்பாலும் திருவிழாக் கடையோ சென்னை மெரினா கடற்கரையோதான். பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், நடுவில் மடக்கி நிமிர்த்தும் பழைய ஏர்கன், கடைக்காரர் தம் விரலால் குழலில் சொருகித் தரும் ஈயக் குண்டு ஆகியவை மூன்று தலைமுறையினர் அறிந்த காட்சி. அந்தக் கடைத் துப்பாக்கிதான் இவ்வுரை பேசும் சுருள்வில் வகை. வாடிக்கையாளர் பத்தில் மூன்று பலூனை உடைக்க, அதே துப்பாக்கியால் கடைக்காரர் வரிசை முழுவதையும் உடைத்துக் காட்டுவார். அவர் கண் கூர்மையானது என்று கூட்டம் வியக்கும். உண்மையில் அந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் எத்தனை விரற்கடை விலகிச் சுடும் என்பதும், எப்படிப் பிடித்தால் அது ஒரே மாதிரி விலகும் என்பதும் அவருக்கு ஆயிரக்கணக்கான குண்டுகளால் தெரிந்திருக்கிறது.

காற்றுத் துப்பாக்கிகளில் பல குடும்பங்கள் உண்டு. அழுத்திய காற்றை ஒரு கலத்தில் முன்கூட்டியே நிரப்பிவைத்து, ஒவ்வொரு முறையும் சிறிதளவு திறந்துவிடுவது ஒரு குடும்பம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் படை பயன்படுத்திய ஜிரார்டோனி துப்பாக்கி அவ்வகையே, இன்றைய ஒலிம்பிக் துப்பாக்கிகளும் அவ்வகையே. சுருள்வில் குடும்பம் இதற்கு நேர்மாறானது. இதில் காற்று முன்கூட்டியே அழுத்தப்பட்டிருப்பதில்லை. சுடும் கணத்தில்தான் அது அழுத்தப்படுகிறது. சைக்கிள் பம்பை மனத்தில் கொண்டால் விளங்கும். பம்பின் உருளைக்குள் வாஷர் பொருத்திய தண்டு கையால் தள்ளப்படுவதைப் போல, துப்பாக்கியின் உருளைக்குள் பிஸ்டன் எனப்படும் எஃகுத் தண்டு தடித்த சுருள்வில்லால், அதாவது ஸ்பிரிங்கால், தள்ளப்படுகிறது. குழலைக் கீழே மடக்கும்போது அதனோடு இணைந்த நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கிறது, ஸ்பிரிங் சுருங்குகிறது, பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. இப்போது கையின் உழைப்பு முழுவதும் ஸ்பிரிங்கில் சேமித்துவைக்கப்பட்டிருக்கிறது. மடங்கிய குழலின் பின்வாயில் குண்டை வைத்து, குழலை நிமிர்த்திப் பூட்டி, சுடுவதற்கான விசையை, பேச்சில் ட்ரிகரை, இழுத்தால் கொக்கி விடுபடுகிறது. பிஸ்டன் முன்னே பாய்ந்து, தன் முன்னிருக்கும் காற்றை ஒரு சிறு துளை வழியாகக் குண்டின் முதுகில் மோதச் செய்கிறது.

இந்த விளக்கத்தில் எளிதில் தவறவிடக்கூடிய செய்தி ஒன்று உண்டு. வெடிமருந்துத் துப்பாக்கியில் அசையும் பெரும்பொருள் எதுவும் குண்டு கிளம்புவதற்கு முன் உள்ளே அசைவதில்லை. சுருள்வில் துப்பாக்கியிலோ, குண்டு தன் இடத்தைவிட்டு நகர்வதற்கு முன்பே கால் கிலோ அளவுள்ள எஃகுத் தண்டு ஒன்று உருளையின் நீளத்தை ஏறத்தாழ முழுவதும் கடந்துவிடுகிறது. ஓடத்தில் நிற்பவர் முன்னே நடந்தால் ஓடம் பின்னே நகர்வதைப் போல, பிஸ்டன் முன்னே ஓடும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது. கணக்கு எளியது: மொத்தம் 3 கிலோ எடையுள்ள துப்பாக்கிக்குள் 250 கிராம் பிஸ்டன் 8 சென்டிமீட்டர் ஓடினால், தடையின்றி விடப்பட்ட துப்பாக்கி 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை பின்வாங்கும். பின்னர் பிஸ்டன் உருளையின் முன்சுவரை நெருங்கி, அழுந்திய காற்றால் சற்றே பின்தள்ளப்பட்டு, மீண்டும் முன்சென்று நிற்கும். அப்போது துப்பாக்கி முன்னோக்கி உதைக்கும். பின்னுக்கு ஒன்று, முன்னுக்கு ஒன்று என்ற இந்த இரட்டை உதைப்புக்கு இடையில்தான் குண்டு குழலுக்குள் பயணம் செய்கிறது. கொக்கி விடுபட்டதிலிருந்து குண்டு குழலின் வாயைக் கடக்கும் வரையுள்ள நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவில் அடங்கும். கண்ணிமைப்பதற்கு ஆகும் நேரத்தில் அது மிகச் சிறிய பகுதி. ஆயினும் அந்தச் சிறு பொழுது முழுவதும் குழல் அசைந்துகொண்டே இருக்கிறது. இந்த வகைத் துப்பாக்கியின் இன்பமும் துன்பமும் இங்கேதான் பிறக்கின்றன.

உள்ளே நிகழும் மற்றொன்றையும் சொல்லவேண்டும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதை எல்லாரும் தொட்டறிந்திருப்பர். காற்றை விரைந்து அழுத்தினால் அது சூடேறும். துப்பாக்கியின் உருளையில் அதே செயல் பல மடங்கு விரைவாக நடப்பதால், காற்றின் வெப்பம் கணநேரத்துக்குப் பல நூறு டிகிரி செல்சியஸை எட்டுகிறது. அங்கே எண்ணெய்த் துளியோ மசகின் ஆவியோ இருந்தால் அது பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவதும் இதே முறையில்தான் என்பதால், துப்பாக்கிக்காரர் இதை டீசலிங் என்பர். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் புதுத் துப்பாக்கியின் உருளையில் தங்கியிருக்கும். ஆகவே முதல் சில பத்துக் குண்டுகளின்போது குழல்வாயில் மெல்லிய புகை வரும், கருகிய எண்ணெய் வாடை வீசும், சில வேளை வெடிச் சத்தமே கேட்கும். வாங்கியவருள் பலர் இதைத் துப்பாக்கியின் வலிமை என்று எண்ணி மகிழ்கின்றனர். அது வலிமை அன்று. அளவில்லாமல் எரியும் எண்ணெய் ஒவ்வொரு குண்டுக்கும் வெவ்வேறு வேகத்தைத் தருகிறது. பிஸ்டன் முனையிலுள்ள வாஷரையும் கருக்குகிறது. சைக்கிள் பம்பின் தோல் வாஷர் இறுகிப்போனால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு உயிர்ப்பிக்கும் வீட்டு வழக்கத்தை நினைத்துக்கொண்டு, துப்பாக்கியின் காற்றுத் துளையிலும் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் இந்த எரிதலைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர். புகை தானாக அடங்கும்வரை பொறுமையாகச் சுட்டுத் தீர்ப்பதே வழி. எத்தனை குண்டில் அடங்கும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். சில நூறு குண்டுகளுக்குப் பிறகு மடக்கும்போது கேட்ட கரகரப்புக் குறைந்து, சுடும்போது கேட்ட கணகணப்பு ஒற்றைத் தட்டலாகச் சுருங்குவதை வைத்து அறியலாம்.

புதுத் துப்பாக்கி பெட்டியிலிருந்து வெளிவந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை சுடுவது அன்று, துடைப்பது. சிறு துணித்துண்டுகளைக் குழலின் பின்வாயிலிருந்து முன்வாய் நோக்கி, தூண்டில் நரம்பு போன்ற நைலான் கயிற்றில் கட்டி இழுத்தால், முதல் துண்டு மைபோல் கறுத்து வரும்; இரண்டாவது சாம்பல் நிறமாக வரும்; ஐந்தாறு துண்டுகளுக்குப் பிறகே வெள்ளை வெள்ளையாகவே திரும்பும். குழலின் உட்சுவரில் சுற்றிச் சுற்றிச் செல்லும் மெல்லிய சால்கள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறுவதால்தான் பம்பரத்தைப் போல நிலைகுலையாமல் செல்கிறது. ரைஃபிள் என்ற பெயரே இச்சால்களால் வந்தது. அவற்றில் படிந்த கசடு குண்டின் சுழற்சியைக் குலைக்கிறது. அடுத்த வேலை திருகுகள். மரக்கட்டையோடு இரும்புப் பகுதியைப் பிணைக்கும் திருகுகள் இரட்டை உதைப்பால் மெல்ல மெல்லத் தளரும். முதல் நூறு குண்டுகளுக்குள் ஒருமுறையாவது திருப்புளியால் தொட்டுப் பார்ப்பது நல்லது. மரம் நசுங்கும்படி முறுக்கவும் கூடாது.

குண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் வாங்கியவர்கள் கருவிக்குப் பல்லாயிரம் செலவிட்டுவிட்டுக் குண்டில் சிக்கனம் பார்க்கின்றனர். ஏர்கன் குண்டு ஈயத்தால் ஆனது; அரை கிராம் அளவு எடையுள்ளது; விரல்நுனியில் எடுத்துப் பார்த்தால் அது உடுக்கையின் வடிவில் இருப்பது புலப்படும். தலை ஒரு பக்கம், இடை ஒடுங்கி, அடி மறுபக்கம் விரிந்திருக்கும். தலை குழலின் சால்களைத் தொட்டுச் செல்ல, உள்ளீடற்ற மெல்லிய அடிப்பகுதி பின்னாலிருந்து மோதும் காற்றால் விரிந்து குழலை அடைத்துக்கொள்கிறது. ஆகவே அந்த அடிவிளிம்பு சற்றே நசுங்கியிருந்தாலும் காற்று ஒருபக்கமாகக் கசிந்து குண்டு சாயும். டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடிக் குண்டுகளை வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றையும் அடிப்பக்கம் மேலாகப் புரட்டி, வட்டமாக இல்லாதவற்றை ஒதுக்கிவிடுவது அரிசியில் கல் பொறுக்குவதைப் போன்ற வேலை. அதில் செலவாகும் கால் மணி நேரம் இலக்கு அட்டையில் தெரியும். தலை தட்டையான குண்டு தாளில் பஞ்சிங் மெஷினால் இட்டது போன்ற சுத்தமான வட்டத்துளையை இடும். ஆதலால் போட்டிகளில் அதுவே வழக்கம். தலை உருண்ட குண்டு தாளைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் நீண்ட தொலைவில் காற்றை எளிதாகப் பிளந்து செல்லும். எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு ஒத்துவரும் என்பதை எழுத்தில் படித்து அறிய முடியாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு குண்டுகளை விரும்பக்கூடும். மூன்று நான்கு வகைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து குண்டுகள் சுட்டு, எந்த ஐந்தின் துளைகள் நெருங்கி விழுந்தன என்று பார்ப்பதே பெண் பார்ப்பதற்கு இணையான சடங்கு. ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகளின் இந்த நெருக்கத்தைச் சுடுநர் குரூப் என்பர். துளைகள் நடுவில் விழுந்தனவா என்பது இந்த நிலையில் பொருட்டே அன்று. நெருங்கி விழுந்தனவா என்பதே கேள்வி. நெருங்கி விழுந்த குரூப்பை நடுவுக்கு நகர்த்துவது பின்குறியை, அதாவது குழலின்மேல் கண்ணின் பக்கமுள்ள குறிநோக்கியை, திருகும் சில நிமிட வேலை. குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்தினால் போதும். சிதறி விழுவதை எந்தத் திருகும் திருத்தாது.

குண்டில்லாமல் சுடுவதையும் இங்கே விலக்கவேண்டும். வெறுங்குழலோடு ட்ரிகரை இழுத்தால் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் காற்று மெத்தை உருவாகாது. எஃகு எஃகின்மேல் மோதும். வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். மடக்கிய நிலையில் மணிக்கணக்கில் வைத்திருப்பதும் ஸ்பிரிங்கைச் சோர்வடையச் செய்யும்.

இனிப் பிடிக்கு வருவோம். முதன்முதலில் சுடுபவர் எவரும் துப்பாக்கியை இறுகப் பற்றுகிறார். அசைவதை அடக்கவேண்டும் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் கால் கிலோ எஃகு உள்ளே ஓடும்போது மனிதக் கையால் அதை அடக்க முடியாது. அடக்க முயன்றால், அன்றைய சோர்வுக்கும் நாடித் துடிப்புக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் அடக்குவார். துப்பாக்கி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் துள்ளும். இதற்கு அனுபவசாலிகள் கண்ட முறைக்குப் பீரங்கிப் பிடி என்று பெயர். பழங்காலப் பீரங்கி சக்கரவண்டியில் நின்று, வெடிக்கும்போது தடையின்றிப் பின்னோக்கி உருண்டதைப் போல, துப்பாக்கியையும் தன் போக்கில் பின்வாங்க விடுவதே இதன் சாரம். இடக்கையின் உள்ளங்கையைத் திறந்து, ட்ரிகர் வளையத்துக்குச் சற்று முன்னால் துப்பாக்கி சமநிலை கொள்ளும் இடத்தில் அதைத் தாங்கலாகக் கிடத்தவேண்டும், விரல்கள் மூடக்கூடாது. தோள் அடிக்கட்டையைத் தொட்டால் போதும், அழுத்தவேண்டியதில்லை. வலக்கை பிடியைச் சுற்றி நிற்கவேண்டும், நெரிக்கக்கூடாது. கன்னம் கட்டையில் பாரமாக விழாமல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தைத் தொடவேண்டும். துப்பாக்கி அசையும், அசையட்டும். எப்போதும் ஒரே மாதிரி அசைந்தால், எப்போதும் ஒரே இடத்தில் குண்டு போய் விழும். புதியவர் நம்ப மறுக்கும் உண்மை இது. ஒரே அட்டையில் ஐந்து குண்டுகளை இறுக்கிப் பிடித்தும் ஐந்தைத் தளரவிட்டும் சுட்டுப் பார்த்தால் வாதம் தீர்ந்துவிடும். மணல்மூட்டை மேலோ செங்கல் மேலோ குழலை நேரடியாகச் சாய்த்துச் சுட்டால் குறி உறுதியாகும் என்று பலர் எண்ணுவதும் இதே காரணத்தால் பொய்க்கிறது. கெட்டியான தாங்கலிலிருந்து துப்பாக்கி எகிறிக் குதிக்கும்.

பிழையின் அளவைக் கணக்கிட்டால் இந்தக் கவனத்தின் தேவை புரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முன்முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் குண்டு 1 சென்டிமீட்டர் விலகும். போட்டியில் 10 மீட்டரில் வைக்கும் இலக்கு அட்டையின் வெளிவட்டம் 45.5 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளிக்குரிய வெண்புள்ளி 0.5 மில்லிமீட்டர், அதாவது எழுத்தின் முற்றுப்புள்ளியளவு. தொலைவும் தன் பங்கைக் கேட்கும். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 10 மீட்டரைக் கடக்க 0.05 நொடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 1.2 சென்டிமீட்டர் இறக்குகிறது. தொலைவு இரட்டித்து 20 மீட்டரானால் இறக்கம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகி ஏறத்தாழ 5 சென்டிமீட்டராகிறது. ஆகவே புதுத் துப்பாக்கியோடு பழகுகிறவர் ஒரே தொலைவில், 10 மீட்டரில், நீண்ட நாள் நிற்பது நல்லது.

தொலைநோக்கி பொருத்த விரும்புவோர்க்கு ஒரு சொல். பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்த விலையுயர்ந்த தொலைநோக்கி, இந்தச் சிறிய காற்றுத் துப்பாக்கியின்மேல் சில வாரங்களில் பழுதாவது உண்டு. பெருந்துப்பாக்கி பின்னோக்கி மட்டுமே உதைக்கும். சுருள்வில் துப்பாக்கியின் முன்னோக்கிய உதைப்பு தொலைநோக்கியின் கண்ணாடிகளை எதிர்த்திசையில் இழுப்பதால், அதைத் தாங்கும்படி செய்தவற்றையே வாங்கவேண்டும். பழகும் நாள்களில் திறந்த குறியே போதும்.

இந்த இரட்டை உதைப்பை ஒழிக்கப் பொறியாளர்கள் பட்ட பாடு தனி வரலாறு. இங்கிலாந்தின் பர்மிங்காமில், நம் ஊர்களில் மோட்டார் சைக்கிளால் பெயர்பெற்ற பி.எஸ்.ஏ. நிறுவனம், லிங்கன் ஜெஃப்ரீஸ் என்பாரின் வடிவமைப்பைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுருள்வில் துப்பாக்கியைத் துல்லியக் கருவியாக உயர்த்தியது. ஜெர்மனியின் டயானா நிறுவனம், எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்து ஒன்றின் உதைப்பை மற்றொன்றால் சரிக்கட்டியது. அதே நாட்டின் ஃபைன்வெர்க்பௌ நிறுவனம் வேறு வழியில் சிந்தித்தது: துப்பாக்கியின் இரும்புப் பகுதி முழுவதையும் தண்டவாளம் போன்ற வழியில் வைத்து, சுடும் கணத்தில் அது கட்டைக்குள்ளேயே பின்னுக்குச் சறுக்கும்படி செய்தது. கட்டையும் அதைத் தொடும் கன்னமும் அசையவில்லை. பீரங்கிப் பிடி கையால் செய்வதை இது இயந்திரத்தாலேயே செய்தது என்பது கவனிக்கத்தக்கது. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைஃபிள் முதன்முறையாக இடம்பெற்றது. பின்னர் போட்டி அரங்கிலிருந்து சுருள்வில் படிப்படியாக விடைபெற்று, கலத்தில் காற்று நிரப்பும் துப்பாக்கிகளுக்கு இடம்விட்டது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும், சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இந்த 10 மீட்டர்ப் போட்டியில்தான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து, நாரங்கின் பயிற்சியகத்தில் தேர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளில் களமிறங்கியதும் இதே பிரிவில்தான். அவர்கள் கையிலிருப்பது உதைக்காத துப்பாக்கி. ஆயினும் நிலை, மூச்சு, ட்ரிகரை மெல்ல இழுத்தல், குண்டு போனபின்னும் குறியிலிருந்து கண்ணெடுக்காமல் நிற்றல் ஆகியவற்றைச் சுருள்வில் துப்பாக்கி கற்பிக்கும் அளவுக்கு வேறு எதுவும் கடுமையாகக் கற்பிப்பதில்லை என்பது இவ்வுரையின் துணிபு. உதைக்காத துப்பாக்கி சிறு பிழைகளை மன்னித்துவிடுகிறது; சுருள்வில்லோ, குண்டு குழலைவிட்டு நீங்கும்வரை பிழையைப் பெரிதாக்கி அட்டையில் எழுதிவிடுகிறது.

பாதுகாப்பைப் பற்றிய விதிகள் எளியவை, விலக்கற்றவை. குழலை மடக்கிக் குண்டு வைக்கும் நேரம் முழுவதும் ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்கவேண்டும். கொக்கி தவறிவிட்டால் குழல் எலிப்பொறியைப் போல் நிமிர்ந்து விரலை வெட்டும். இலக்குக்குப் பின்னால் குண்டை நிறுத்தும் பொருள் இருக்கவேண்டும்: பின்பக்கம் இரும்புத் தகடு அடித்து, உள்ளே பழந்துணியை இறுகத் திணித்த மரப்பெட்டி போதும். மதிற்சுவரிலோ பாறையிலோ நேரடியாகச் சுட்டால் ஈயம் திரும்பித் தெறிக்கும், கண் போகும். குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உணவைத் தொடக்கூடாது, ஈயம் நஞ்சு. குழலைத் தொட்ட விரலின் வியர்வை கடலோரப் பகுதியின் ஈரக்காற்றில் இரண்டே நாளில் ரேகையோடு பழுப்புத் துருவாகப் பதியும் என்பதால், எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தைத் துடைத்தபின்னரே துப்பாக்கியை உறையிலிடவேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத் துளையும், அதாவது 4.5 மில்லிமீட்டரும், 20 ஜூலுக்கு மிகாத வலிமையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஜூல் என்பது குண்டு சுமந்து செல்லும் ஆற்றலின் அளவு. அரை கிராம் குண்டு 20 ஜூலை எட்டவேண்டுமாயின் நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் கிளம்பவேண்டும். உரிமம் வேண்டாம் என்பதைக் கேட்டவுடன் விளையாட்டுப் பொருள் என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. அதைவிடப் பெரும் பிழை, மரத்திலிருக்கும் பறவையை இலக்காக்குவது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. தீங்குயிர் என்று முன்பு காகத்தையும் எலியையும் விலக்கிவைத்திருந்த அட்டவணையையும் 2022ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கிவிட்டது.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் இந்த மண்ணுக்கு உண்டு. வரதய்யபாளையத்திலிருந்து பழவேற்காடு ஏரிப்பக்கம் போனால், பனிக்காலத்தில் பூநாரைகள் சேற்றுநீரில் வரிசையாக நிற்பதைக் காணலாம். அதற்கு வடக்கே நேலபட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் நீர்சூழ்ந்த மரங்களில் கூடுகட்டிக் குஞ்சுபொரிக்கின்றன. சூளூர்ப்பேட்டையில் பூநாரைகளின் பெயரால் விழாவே நடக்கிறது. தெற்கே வேடந்தாங்கலில், தம் ஏரிப் பறவைகளைச் சுட்ட வெள்ளைப் படையினர்மீது உழவர்கள் முறையிட்டு, 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் அப்பறவைகளுக்குக் காப்பு ஆணையே பெற்றனர். இந்தியாவின் முதன்மைப் பறவையியலாளர் சலீம் அலி சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய சிட்டொன்றின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. அது என்ன பறவை என்று கேட்கப்போய்த்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார், அங்கிருந்த மில்லார்டு என்பார் காட்டிய பறவைத் தொகுப்பில் தம் வாழ்நாள் வேலையைக் கண்டுகொண்டார். 1985இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பிலேயே அந்தச் சிட்டின் வீழ்ச்சி இடம்பெற்றது. அத்தகைய சிட்டு இன்னொன்று விழவேண்டிய தேவை இன்று எவருக்கும் இல்லை. பெயரறியாப் பறவைக்கு இப்போது தொலைநோக்கி இருக்கிறது, துப்பாக்கிக்குத் தாளட்டை இருக்கிறது.

தாளட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்க்கு அது நாட்குறிப்பாகும். ஒவ்வொரு அட்டையின் பின்புறமும் தேதி, குண்டின் வகை, தொலைவு, காற்றின் திசை, அன்றுவரை சுட்ட மொத்தக் குண்டுகள் ஆகியவற்றைக் குறித்துவைத்தால், முதல் அட்டையில் உள்ளங்கையளவு சிதறிக் கிடந்த ஐந்து துளைகள், ஐந்நூறாவது குண்டுவாக்கில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கி, ஆயிரமாவதில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரே கிழிசலாவதைக் காணலாம். பின்பு ஒருநாள், கையும் மாறாமல் குண்டும் மாறாமல், துளைகள் மறுபடி விலகும். அப்போது பின்குறியைத் திருகத் தொடங்குபவர் இன்னும் பழகவில்லை. பழகியவர் துப்பாக்கியை மடியில் கிடத்தி, கட்டையின் இருபக்கத் திருகுகளிலும் திருப்புளியை வைத்துப் பார்ப்பார். இடப்பக்கத் திருகு கால்சுற்றுத் தளர்ந்திருக்கும்.